மூச்சு விடும் இடங்கள்

'ஓய்வு பெற்ற பாடகி' என்று குறிப்பிட்டு எனக்கு ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர்கள் பொறியியல் கல்லூரி ஒன்றில் ராக் இசைக்குழு நடத்தும் மாணவிகள். அவர்களுடைய பாடகிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டதாம், புதிதாக ஒருத்தி வரப்போகிறாளாம். பாடகி மாறினால் பாட்டு எழுதுவதில் என்னென்ன மாறும், உங்கள் குழுவில் நடந்ததைக் கல்லூரி ஆண்டு மலருக்கு எழுதித் தர முடியுமா அக்கா என்று கேட்டிருந்தார்கள். எனக்கு வயது முப்பத்திரண்டு. ஓய்வு என்ற சொல்லைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. மகளுக்கு இட்லி ஊட்டி முடித்து மறுபடி எடுத்துப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு இல்லை.

முடியாது என்று எழுதினேன், அனுப்பவில்லை. கேட்டவர்களுக்கு மறுப்புச் சொல்வது எனக்கு வராது. சரி என்று அனுப்பினேன். அனுப்பியதிலிருந்து, யாரையாவது புண்படுத்திவிடுவேனோ என்று நாலு முறை எழுதி நாலு முறை அழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

நான் சங்கீதம் படித்தவள் இல்லை. பள்ளி திருச்செங்கோட்டுப் பக்கம், எம்.எஸ்சி. சேலத்தில். கல்லூரி விழாவில் நான் பாடியதைக் கேட்டு முரளி அண்ணன் கூப்பிட்டார். முதல் இரண்டு வருடம் பிறருடைய பாட்டுகளைப் பாடிப் பழகினோம். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

முரளி அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மேட்டூரில் ஷிப்ட் வேலை. குழுவை ஆரம்பித்தவர், கிட்டார் வாசிப்பவர், எல்லாவற்றையும் முடிவு செய்பவர். டிரம்ஸ் தங்கராசு, என் வயதுதான். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் அவன் குடும்பத்துக்குக் கோழிப் பண்ணை இருந்தது. பேஸ் கிட்டாருக்கு ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அவர்களை விட்டுவிடுகிறேன்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். சத்தம் வெளியே போகாமல் இருக்கத் தங்கராசு பண்ணையிலிருந்து முட்டை அட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தான். நாலு சுவரிலும் கூரையிலும் ஒட்டினோம். நானும் பசை தடவினேன். அந்த அறைக்குள் பேசினால் குரல் எங்கும் ஓடாமல் நம் காதுக்குப் பக்கத்திலேயே நிற்கும். மழைக்காலத்தில் கோழி வாடை வரும்.

"நம்ம பாட்டுல நாமக்கல் வாசம் அடிக்கோணுமில்ல, அதுக்குத்தான்" என்பான் தங்கராசு.

எங்கள் குழுவில் யாரும் பாட்டை எழுதிக்கொண்டு வருவதில்லை. முரளி அண்ணன் என்னைப் பேசவிட்டுத்தான் பாட்டு எடுப்பார். அதை விளக்க எங்கள் முதல் பாட்டைச் சொல்ல வேண்டும். ஒரு நாள் அறைக்குத் தாமதமாகப் போனேன். அஸ்தம்பட்டியில் நான் ஏறிய பேருந்து எங்கள் நிறுத்தத்தில் நிற்கவே இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்து வந்திருந்தேன்.

"கண்டக்டர ஒண்ணும் கேக்கலியா நீ?" என்றார் முரளி அண்ணன்.

"கேட்டனுங்கண்ணா."

"எப்படிக் கேட்ட? அங்க கேட்டாப்பலயே கேளு."

"ஏனுங்க, நிறுத்துங்க. எறங்கோணுங்க. காது கேக்குதுங்களா இல்லீங்களா?"

தங்கராசு சிரித்துவிட்டான். "ஏம்புள்ள, திட்டறதுக்கு எதுக்கு இத்தன மரியாத?"

முரளி அண்ணன் சிரிக்கவில்லை. "அந்த மரியாததான் பாட்டு. இன்னொருக்காச் சொல்லு" என்றார். சொன்னேன். பத்து முறை சொல்லவைத்தார். சொல்லச் சொல்ல எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. என் பேச்சு எங்கே அழுந்துகிறதோ அங்கே தங்கராசு அடித்தான். அதற்கடியில் முரளி அண்ணன் கிட்டாரின் தடித்த கம்பியை, விரல் வைக்காமல், திறந்தபடி உறுமவிட்டார். ராகம் கடைசியில்தான் வந்தது, ராகம் என்று சொல்லும்படி இருந்தால்.

என் குரல் கனத்த குரல், உயரத்துக்கு ஏறாது. அதனால் சொற்களை நெருக்கமாக அடுக்கிக்கொண்டே போய்ச் சட்டென்று நிறுத்துவோம். அந்த நிறுத்தத்தில்தான் கூட்டம் கத்தும். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி மேடையில் 'நிறுத்துங்க' பாடியபோது, நான் நிறுத்திய இடத்தில் மொத்தக் கூட்டமும் கண்டக்டரிடம் கெஞ்சியது. அதற்குப் பிறகு செய்த பாட்டுகள் எல்லாமே நான் யாரோ ஒருவரிடம் பேசுவதுதான். கல்லூரித் துறைத்தலைவரிடம், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம், பெண் பார்க்க வந்தவர்களிடம். கோபம் முழுக்க இருக்கும், மரியாதை குறையாது. என் அளவுக்குத் தைத்த ரவிக்கை மாதிரி அந்தப் பாட்டுகள்.

முரளி அண்ணனுடைய சுபாவத்தையும் சொல்ல வேண்டும். அவர் யாரையும் கடிந்து பேசியதில்லை. ஒரு வரி பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டார். தலையைக் குனிந்துகொண்டு கிட்டார் கம்பியைச் சுதி சேர்க்க ஆரம்பிப்பார். ஏற்கெனவே சுதி சேர்ந்திருக்கும் கம்பியைத்தான் முறுக்குவார். நாம் அந்த வரியைக் கைவிடுகிற வரை அது நடக்கும். கைவிட்டதும் நிமிர்ந்து, "ம், எங்க இருந்து?" என்பார். இத்தனை வருடத்தில் அவரோடு யாரும் சண்டை போட்டதில்லை. சண்டை போட அவர் இடம் கொடுத்ததில்லை என்பது எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

கல்யாணத்துக்குப் பிறகும் பாடினேன். கணவர் வங்கியில் இருக்கிறார், அஸ்தம்பட்டியில் வீடு, அறைக்கு ஸ்கூட்டியில் போய்வருவேன். மாமியாருக்கு நான் ஏதோ இசை வகுப்புக்குப் போகிறேன் என்று எண்ணம். கர்ப்பத்தின் ஏழாம் மாதம் வரை போனேன். அதற்கு மேல் மூச்சு வாங்கியது, ஒரு வரியை முடிக்கவே சிரமப்பட்டேன்.

"ஒரு ஆறு மாசம். அதுவரைக்கும் ஒரு புள்ளய வெச்சுச் சமாளிச்சுக்கறோம். உன்ற எடம் உனக்குத்தான்" என்றார் முரளி அண்ணன்.

வந்தவள் ஹரிணி. சேலம் டவுன் பெண், சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் கற்றவள். குரல் சிரமமே இல்லாமல் மேலே போகும். நல்ல பெண். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இனி எழுதப்போவது பொறாமையாகத் தெரியும். ஒருவேளை பொறாமைதானோ என்னவோ.

பாட்டுகளைச் சொல்லிக்கொடுக்க ஒரு நாள் போனேன். 'நிறுத்துங்க'வை ஹரிணி ஒரு முறை கேட்டாள், அட்சரம் பிசகாமல் பாடினாள். சுருதியை அவளுக்காக மேலே ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியதும் முரளி அண்ணனால் தடித்த கம்பியைத் திறந்தபடி விட முடியவில்லை, விரலால் அழுத்திப் பிடித்தார். உறுமல் போய்விட்டது. "ஏனுங்க, நிறுத்துங்க" என்று ஹரிணி பாடியது அவ்வளவு இனிமையாக இருந்தது.

"இவ கேட்டா பஸ்ஸு ஊட்டு வாசல்லயே வந்து நிக்கும்" என்றான் தங்கராசு.

எல்லோரும் சிரித்தோம். ஹரிணியும்தான். ஆனால் முரளி அண்ணன் கம்பியை முறுக்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு அவர் கைவிடச் சொன்னது எதை என்று எனக்குச் சரியாகப் புரியவில்லை. ஹரிணி பாடிய விதத்தை என்று நினைத்துக்கொண்டேன். அவர் கைவிட்டது பாட்டை. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் அதை வாசிக்கவில்லை.

மாணவிகள் கேட்ட கேள்விக்கு இங்கேதான் பதில் தொடங்குகிறது. பழைய பாட்டுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்ததும் புதிய பாட்டுகள் தேவைப்பட்டன. ஹரிணியைப் பேசவிட்டு எடுக்கப் பார்த்தார்கள். அவளுக்கு யார்மேலும் அப்படிக் கோபம் இல்லை. அதனால் முறை தலைகீழானது. முரளி அண்ணன் முதலில் கிட்டாரில் இசையைப் போட்டுவிடுவார். அதன்மேல் ஹரிணி சொல் இல்லாமல் லாலா, நானா என்று மெட்டுப் பாடுவாள். அதைப் பதிந்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புவார்கள். நான் சொற்களை நிரப்பி அனுப்ப வேண்டும். பாட முடியாவிட்டாலும் குழுவில் இருக்கிறேன் என்ற நிம்மதிக்காக ஒத்துக்கொண்டேன். அப்போது அம்மா வீட்டில் இருந்தேன். குழந்தை பிறந்து முதல் மாதம் முடியவில்லை. பால் கொடுத்துக்கொண்டே இன்னொருத்தியின் லாலாவை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"மேல போற எடத்துல வாயத் தொறக்கற எழுத்தாப் போடு வித்யா. ஆ, ஏ, அந்த மாதிரி. வல்லெழுத்துல முடிச்சா அவளுக்குத் தொண்ட அடைக்குதாம்" என்று முரளி அண்ணன் போனில் சொன்னார்.

"சரிங்கண்ணா."

எழுதிப் பார்த்தால்தான் தெரியும், இது வெறும் எழுத்து விஷயம் இல்லை. வாய் திறந்து நீட்டிப் பாட ஏற்ற சொற்களைத் தேடினால் வானம் வரும், காற்று வரும், நானே நீயே வரும். கண்டக்டரும் கேஸ் சிலிண்டரும் பாட்டிலிருந்து இறங்கிப் போனார்கள். எங்கள் ஊர்ப் பேச்சு ஹரிணியின் வாயில் வேஷம் போட்டது மாதிரி இருந்ததால் அதையும் எடுத்தேன். முன்பு பாட்டில் எதிரே ஒருவர் நிற்பார், நான் அவரிடம் பேசுவேன். இப்போது எதிரே யாருமே இல்லை. ஒரு பெண் எல்லோருக்காகவும் பொதுவாகப் பாடினாள். எதிரே ஆள் இல்லாவிட்டால் கோபப்பட முடியாது, ஏங்கத்தான் முடியும். ஏங்கி ஏங்கி எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. மோசமாக எழுதியிருந்தால் என்னைத் திரும்பக் கூப்பிட்டிருப்பார்களோ என்று சில நாள் தோன்றும்.

ஆறு மாதம் கடந்தது. முரளி அண்ணன் அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மகிழுக்கு, அதுதான் என் மகள், எட்டாவது மாதத்தில் சளி பிடித்து இளைப்பு வந்தது. மார்புக்குள் யாரோ விசில் ஊதுவது மாதிரி சத்தம். அஸ்தம்பட்டியில் ஒரு குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். சின்ன முகமூடி வைத்துப் புகை மருந்து கொடுத்தார். "வெலாவப் பாத்துக்கிட்டே இருங்க. மூச்சு எடுக்கறப்ப வெலா உள்ள இழுத்துச்சுன்னா ஒடனே தூக்கிட்டு வந்துருங்க" என்றார் அந்த அம்மா. பாத்துக்கிட்டே இருங்க என்று என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. நான் வேறு எதையும் பார்க்கவில்லை. சட்டையைத் தூக்கிவிட்டு விலாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பகலில் ஒரு புதிய மெட்டு வந்தது. இன்றைக்கு முடியாது என்று சொல்லிக் குரல் செய்தி அனுப்பினேன். பதிவுப் பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்து குழந்தையிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் சேர்ந்து போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் முரளி அண்ணன் அழைத்தார்.

"கடைசில புள்ளகிட்ட என்னமோ சொன்னியே, அதத் திருப்பிச் சொல்லு."

"ஒண்ணுமில்லீங்கண்ணா, அவ மூச்சப் பாத்துட்டு..."

"சொல்லு. அங்க சொன்னாப்பலயே சொல்லு."

அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. சொன்னேன்.

ஏறுது பாரு
எறங்கல இன்னும்
இரு
இரு சாமி
இதா எறங்குது

ஒவ்வொரு வரிக்குப் பிறகும் அவள் மூச்சுக்காக நான் காத்திருந்த இடைவெளி அப்படியே இருந்தது. ஒரு இடைவெளி மாதிரி இன்னொன்று இருக்காது. அவர்கள் அறையில் ஸ்பீக்கரில் போட்டு வாசிக்க, நான் வீட்டிலிருந்து போனில் பாடினேன். நாலைந்து நாள் மத்தியானங்களில் பாட்டு உருவானது.

"இதுக்குத் தாளமே நிக்க மாட்டீங்குது புள்ள" என்று தவித்தான் தங்கராசு.

"நிக்கும் தங்கராசு. நீ எண்ணாத. அவ மூச்சு உட்டாத்தான் நீ அடிக்கோணும்."

"உன்ற புள்ளயக் கேட்டு நான் வாசிக்கோணுமா? சரி, பெரியவங்க சொன்னாச் சரிதான்" என்றான். பிடித்துக்கொண்டான். அடிக்காமல் காத்திருப்பது அவனுக்கு அப்படி வரும் என்று எங்களுக்கே தெரியாது.

இந்த ஒரு பாட்டை நான் பாடுகிறேன் என்று முரளி அண்ணனிடம் கேட்டேன். அதுவரை என் வாழ்க்கையில் வாய் விட்டு நானாக எதையும் கேட்டதில்லை. "ஞாயித்துக்கெழம மத்தியானம் வா. ஒரு தடவ பதிஞ்சிரலாம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரும் மாமியாரும் ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. மகிழுக்கு இளைப்பு நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன். மூலையில் பாய் விரித்துப் படுக்கவைத்தேன். மைக்குக்கு முன்னால் நின்று ஹெட்போனை மாட்டினேன். தடித்த கம்பி மறுபடி திறந்து உறுமியது. முதல் முறை பாடினேன், சரியாக வரவில்லை. இரண்டாம் முறை வந்தது. வருகிறது என்று தெரிந்தது. ஹெட்போனில் என் குரலுக்குப் பின்னால் ஒரு மூச்சுச் சத்தமும் சேர்ந்து கேட்டது.

முரளி அண்ணன் கண்ணை மூடியபடி கையால் சைகை செய்தார். "மூச்சு நல்லா உழுகுது. நிறுத்தாத, அப்படியே பாடு."

அது என் மூச்சு இல்லை. அந்த விசிலை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுபிடிப்பேன். ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாய்க்கு ஓடினேன். விலா உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. தங்கராசு படியிறங்கி ஓடி ஆட்டோ பிடித்தான்.

மருத்துவர் மருந்து கொடுத்து, சத்தம் அடங்கிய பிறகு, எங்கே கொண்டுபோனீர்கள் என்று கேட்டார். சொன்னேன். முட்டை அட்டை, கோழி எச்சத்தின் பொடி, இறகுத் தூசி, இத்தனை வருடம் துடைக்காத சுவர். "அந்த ரூமுக்கு இனிமே கூட்டிட்டுப் போகாதீங்க. நீங்க போய்ட்டு வந்தாலும் குளிச்சுட்டு, துணி மாத்திட்டுத் தூக்குங்க" என்றார்.

"வயித்துல இருந்தப்ப ஏழு மாசம் வரைக்கும் அங்கதான் இருந்தனுங்க. அதனாலயுங்களா இப்படி?"

"அப்படியெல்லாம் சொல்லிட முடியாதும்மா."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றுதான் என் காதில் விழுந்தது. இன்றுவரை அப்படித்தான் விழுந்துகொண்டிருக்கிறது.

பாட்டு பாதியில் நின்றிருந்தது. குழந்தையை விட்டுவிட்டு நான் மட்டும் போயிருக்கலாம், வந்து குளித்திருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் என் தலைமுடியில் ஒட்டி ஒரு துளி தூசி வந்துவிட்டால்? இரண்டு நாள் யோசித்துவிட்டு முரளி அண்ணனை அழைத்தேன்.

"அந்த அட்டைங்களப் பிச்சுட்டு வேற ஏதாச்சும் ஒட்டிக்கலாமுங்களாண்ணா? நானே வந்து வேல செய்யறனுங்க."

கம்பியை முறுக்கும் சத்தம்தான் போனில் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, மீட்டிப் பார்த்து, மறுபடி முறுக்கினார்.

"அட்டைய எடுத்தா ரூமுச் சத்தமே மாறிப் போயிரும் வித்யா. இத்தன பாட்டும் அந்தச் சத்தம்தான்" என்றார் கடைசியில்.

"சரிங்கண்ணா" என்றேன். நான் கைவிட்டதும் முறுக்குவது நின்றது.

அடுத்த வாரம் அவரும் ஹரிணியும் வீட்டுக்கு வந்தார்கள். மாமியார் டீ கொடுத்து, "வகுப்பு வாத்தியாருங்களா?" என்று கேட்டுவிட்டு மகிழைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கிட்டார் இல்லாததால் முரளி அண்ணன் டம்ளரின் விளிம்பைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் பேச மாட்டார் என்று தெரிந்து ஹரிணியே பேசினாள்.

"அக்கா, அந்தப் பாட்டு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா நடுவுல நிறுத்துனா நான் வரிய மறந்துட்டேன்னு நெனப்பாங்க."

"மறக்கறது இல்ல ஹரிணி. காத்துட்டு இருக்கறது."

"உங்களுக்கு அது தெரியுது. நீங்க அவளப் பாத்துட்டு இருந்தீங்க. நான் யாரப் பாத்துட்டு நிக்கிறது?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. யாருக்காகவும் காத்திருக்காத குரலுக்கு அந்த இடைவெளிகள் வெறும் ஓட்டைகள்தான்.

"அந்த சாமியையும் மாத்திரு. வெளியூருல பக்திப் பாட்டுன்னு நெனச்சுக்குவாங்க" என்றார் முரளி அண்ணன். எங்கள் பக்கம் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற சொல் அது.

"இந்தப் பாட்ட உட்ரலாமுங்களாண்ணா? வேற எழுதித் தாரனுங்க."

டம்ளர் விளிம்பைத் துடைத்தார். நல்ல பாட்டை வீணாக்குகிறேனோ, இரண்டு பேரும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்களே என்று எனக்கே மனசு கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து, ஹரிணி மெட்டைப் பாடப் பாட, ஒவ்வொரு இடைவெளியாக நானே அடைத்தேன். வேறு யாரும் அடைக்கவில்லை.

ஏறுதே வான் ஏறுதே
என் மடிப் பிறை ஏறுதே
ஆறுதே மனம் ஆறுதே
உன் முகம் கண்டு ஆறுதே

ஏறியது குழந்தையின் நெஞ்சு. அதை நிலாவாக்கிவிட்டேன். நாலு வரியையும் ஹரிணி ஒரே மூச்சில் பாடினாள். முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. முரளி அண்ணன் நிமிர்ந்து, "ம், எங்க இருந்து?" என்றார்.

அந்தப் பாட்டுதான் எங்கள் குழுவை ஊருக்குத் தெரியவைத்தது. ஐந்தாறு மாதம் கழித்து வீடியோ வந்தது, போனில் பார்த்தேன். வெள்ளை அடித்த அறையில் ஒரு தொட்டில், பக்கத்தில் ஹரிணி. அழகாக இருந்தது. ஜன்னல் கம்பியைப் பார்த்த பிறகுதான் அது எங்கள் அறை என்று தெரிந்தது. தங்கராசுவை அழைத்தேன்.

"அட்டையெல்லாம் எங்க?"

"வீடியோவுல அசிங்கமாத் தெரியுதுன்னு படம் புடிக்கறவரு சொன்னாரு. பிச்சுக் கழுவி, வெள்ள அடிச்சு, ஸ்பாஞ்சு ஒட்டியாச்சு. ரெண்டு நாள் வேலதான்."

"சத்தம் மாறலியா?"

"மாறுச்சு. இப்பத்தான் நல்லாருக்குதுங்கறாரு அண்ணன்." பிறகு, "நீ ஒருக்கா வந்துட்டுப் போ புள்ள. இப்பத் தூசி இல்ல" என்றான்.

போகவில்லை. போய் என்ன பாடுவது?

போன வருடம் நாமக்கல்லில் நாத்தனாருக்கு வளைகாப்பு. இப்போது எந்த வளைகாப்பு வீடியோவிலும் அந்தப் பாட்டுதான். அங்கும் போட்டார்கள். வளையல் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கூடவே முணுமுணுத்தார்கள். அது நான் எழுதியது என்று பக்கத்தில் இருந்த மாமியாரிடம் சொன்னேன். அவர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டா நெஞ்சு குளுந்து போகுது சாமி. நீ முன்ன ஊட்டுல பாடுனதெல்லாம் யாருகூடவோ சண்ட போடறாப்பலயே இருக்கும். இந்தப் புள்ள மாதிரி பாடப் பழகியிருந்தா நீயும் இன்னும் பாடிட்டு இருக்கலாமில்ல?"

"ஆமாங்கத்த" என்றேன்.

மாணவிகளுக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் இதுதான். புதிய பாடகி வந்ததும் பழைய பாட்டை அவளுக்கு ஏற்றபடி திருத்தாதீர்கள். அதை அப்படியே விட்டுவிட்டு அவளுக்கென்று வேறு செய்யுங்கள். போகிறவள் திரும்ப வருவாள் என்று அவளிடம் சொல்லாதீர்கள். அவள் எழுதித் தருகிறேன் என்று சொன்னாலும் வாங்காதீர்கள். கடுமையாகத் தெரிகிறதா? இந்த மூன்று வாக்கியத்தையும் எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

கட்டுரைக்காக 'ஏறுது பாரு'வின் பழைய வடிவத்தை ஒரு முறை கேட்க நினைத்தேன். நான் அனுப்பிய குரல் செய்தியை மகிழின் படங்களுக்கு இடம் போதாமல் எப்போதோ அழித்திருக்கிறேன். முரளி அண்ணனிடம் கேட்டேன். "போன் மாத்துனப்பப் போயிருச்சு வித்யா. பதிஞ்ச வரைக்கும் இருந்ததும் கம்ப்யூட்டரோட போச்சு. உனக்குத்தான் ஞாபகம் இருக்குமே" என்றார்.

ஞாபகம் இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். இன்று காலை மகிழுக்கு இட்லி ஊட்டும்போது பாடிப் பார்த்தேன். அவளுக்கு மூன்றரை வயது, கடைசியாக இளைப்பு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. "ஏறுது பாரு" என்று என் பழைய சொல்லில்தான் தொடங்கினேன். ஆனால் நிற்க வேண்டிய இடத்தில் என் குரல் நிற்கவில்லை, நீட்டிக்கொண்டு போனது. ஹரிணி மூச்சு எடுக்கும் இடத்தில்தான் எனக்கும் மூச்சு வந்தது.

மறுபடி தொடங்கினேன். இந்த முறை வேண்டுமென்றே நிறுத்தினேன். ஏறுது பாரு. காத்திருந்தேன். எறங்கல இன்னும். காத்திருந்தேன். இரு.

மகிழ் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்படி இல்லம்மா. தப்பு."

"எப்படி?"

பாடிக் காட்டினாள். ஏறுதே வான் ஏறுதே என்று தலையை நிமிர்த்திக்கொண்டு. நான் பாட்டைக் கேட்கவில்லை. பனியனுக்குள் அவள் விலாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இழுக்கவில்லை, விசில் இல்லை. நாலு வரியையும் ஒரே மூச்சில் பாடி முடித்துவிட்டு, நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"சரிதான் சாமி" என்றேன்.